மூன்றாவது சுற்று

"காப்பிய மட்டும் குடிக்க விட்டுடாதே. மத்தத நாங்க பார்த்துக்கறோம்."

"வேணாம்னா ஏன்னு கேப்பாங்களேக்கா."

"டாக்டர் சொன்னாருன்னு சொல்லு. நெஞ்சு ஏற்கெனவே படபடன்னு அடிக்குது. காப்பி உள்ள போய், அதுக்கு மேல இந்தச் சேதியும் போனா அம்மா தாங்க மாட்டாங்க."

ஹிருத் தலையாட்டினாள். பக்கத்து வீட்டு ஸினாஷ் அக்காவின் உதடுகள் அசைவது தெரிந்தது. சொற்கள்தான் எங்கோ தொலைவிலிருந்து வந்துகொண்டிருந்தன.

டாக்டர் சொன்னது கொஞ்ச நாளாக அந்தத் தெருவுக்கே சிரிப்பாக இருந்தது. ஒரு கப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லி அனுப்ப, அம்மா அஸ்காலே வீடு திரும்பியதும் ஊர் வழக்கப்படி ஒரே கொட்டையில் மூன்று தடவை காய்ச்சி, மூன்று சுற்றும் குடித்தாள். கேட்டதற்கு, "ஒண்ணுதானே சொன்னாரு? முதல் சுத்துல ஒண்ணு, ரெண்டாவதுல ஒண்ணு, மூணாவதுல ஒண்ணு" என்றாள். அண்ணன் வொண்டிமு விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றாவது சுற்று ஆசீர்வாதச் சுற்று, அதை டாக்டரால்கூட வெட்ட முடியாது என்று அம்மாவின் கட்சியில் சேர்ந்துகொண்டான்.

அந்த வொண்டிமு இன்று விடியற்காலையில் செத்துப்போனான். காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு அடிஸ் அபாபாவுக்கு அவன் ஓட்டிப்போன லாரி, கீபே பள்ளத்தாக்கு இறக்கத்தில் உருண்டுவிட்டது. தூங்கியிருக்க வேண்டும், பிரேக் போட்ட தடமே சாலையில் இல்லை என்று பின்னால் வந்த லாரிக்காரர் போனில் சொன்னார். போன் வந்தது தெருக்கோடிப் பெரியவர் அயலேவுக்கு. சாவுச் சேதியைப் பெரியவர்கள் கூடி வந்துதான் பெற்றவளிடம் சொல்ல வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் அழக் கூடாது.

ஸினாஷ் சால்வையின் கரையைக் கழுத்துப் பக்கம் வைத்துப் போர்த்தியிருந்தாள், சாவு வீட்டுக்குப் போகிறவர்களைப்போல. ஹிருத் அதைத் தொட்டுக் காட்டினாள். ஸினாஷ் அவசரமாகத் திருப்பிப் போர்த்திக்கொண்டு அயலேவைக் கூப்பிடப் போனாள்.

உள்ளே அம்மா கரியடுப்பின் முன் உட்கார்ந்து கொட்டையை வறுக்கத் தொடங்கியிருந்தாள். பச்சைக் கொட்டை வெடித்து, கறுத்து, எண்ணெய் விட்டு மினுங்கியது. அம்மா வறுவோட்டைத் தூக்கி மகளின் முகத்தருகே நீட்டினாள். வாசனை பிடித்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஹிருத் சொன்னாள்.

"இன்னிக்கு வேணாமேம்மா. எனக்குத் தலைவலி."

"காப்பி இன்னும் உள்ள போகல, அதான் வலிக்குது" என்றாள் அம்மா. பிறகு ஜன்னலைக் காட்டினாள். "உங்கண்ணன் பண்ணின வேலையப் பாத்தியா?"

ஜன்னல் திட்டில் சிவப்பு பிளாஸ்க் நின்றுகொண்டிருந்தது.

"அஞ்சாறு பேருக்குப் போடற கொட்டையப் போட்டு, ராத்திரி முழுக்கக் கண்ணு மூடாதபடி வடிச்சுக் குடுத்தேன். விட்டுட்டுப் போயிருக்கான் கழுதை. வழியெல்லாம் தூங்கி வழியப்போறான். வரட்டும், இருக்கு அவனுக்கு."

ஹிருத் பிளாஸ்க்கையே பார்த்தாள். நேற்று இரவு அண்ணனின் சட்டைப் பையை, சாவியை, போனையெல்லாம் சரிபார்த்து அனுப்பியது ஞாபகம் வந்தது. பிளாஸ்க் அப்போதும் அங்கேதான் நின்றிருக்கும். காப்பி குடிக்காமலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உரல் எங்கே என்று அம்மா கேட்டாள். உரல் ஹிருத்தின் கையிலேயே இருந்தது.

கொட்டை இடித்து, கழுத்து நீண்ட மண்கெண்டியில் கொதி வந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள்: அயலேவ், ஸினாஷ், பின்னால் கோயில் குருவானவர். அம்மாவுக்குச் சந்தோஷம். வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிடுச்சா என்று கேட்டு, முக்காலிகளை இழுத்துப் போட்டாள். குருவானவரைப் பார்த்ததும் மட்டும் அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு சாம்பிராணியைக் கரியில் போட்டாள்.

கெண்டியை உயரத் தூக்கி, நூல்போல ஒரே இழுப்பில் எல்லாக் கப்புகளிலும் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. தனக்கு ஊற்றியதை அவள் எடுப்பதற்குள் ஸினாஷ் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி, உனக்கு ரெண்டா?"

ஸினாஷ் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அயலேவ் தன் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டுக் காப்பியையும் முதல் வாயிலேயே புகழ்கிற மனிதர். குருவானவரின் கப், காப்பிச் சடங்குக்காகத் தரையில் பரப்பிய புல்மேல் இருந்தது. வறுத்த பார்லித் தட்டை யாரும் தொடவில்லை. ஆவி மெல்ல மெல்லக் குறைந்து, காப்பியின் மேல் மெல்லிய ஆடை படிந்தது.

ஹிருத் எதையாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தாள். டாக்டர், என்று ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வரவில்லை.

அம்மா ஒவ்வொரு கப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் ஊற்றிய காப்பி ஆறியதே இல்லை. கடைசியில் மகளின் முகத்துக்கு வந்தாள். அங்கிருந்து ஜன்னலுக்கு.

அவள் எழுந்தபோது எல்லோரும் எழப் பார்த்தார்கள். உட்காருங்கள் என்று கையசைத்தாள். பிளாஸ்க்கை எடுத்து வந்து காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே நிறைந்திருந்தது. அதைத் தன் பக்கத்தில், கப்புகளோடு கப்பாக, தட்டிலேயே வைத்தாள். ஸினாஷின் மடியிலிருந்து தன் கப்பை எடுத்து, ஆறிப்போனதை ஒரே மடக்கில் குடித்தாள். தடுக்க யாருக்கும் கை வரவில்லை.

பிறகு கெண்டியில் இருந்த மண்டியின் மேலேயே தண்ணீர் விட்டு, இரண்டாவது சுற்றுக்கு அடுப்பில் ஏற்றினாள். கரியை விசிறினாள். விசிறி ஒரே சீராக அசைந்தது.

"அண்ணே" என்றாள் அயலேவைப் பார்க்காமல். "மூணாவது சுத்து முடியற வரைக்கும் யாரும் வாயத் திறக்காதீங்க. அதுவரைக்கும் அவன் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கட்டும்."