ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம்

தங்கமாரிக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கார் உதிரிபாகக் கம்பெனி வேலைக்காக ஒரகடம் வந்தவள், அதே லைனில் நின்ற ரகுபதியைக் கட்டிக்கொண்டு அவன் ஊரான பிள்ளைப்பாக்கத்திலேயே தங்கிவிட்டாள். மகன் சிவசங்கர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ரகுபதி ஓ.டி. பார்த்த இடத்திலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனான். ஹார்ட் அட்டாக் என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

சிவசங்கர் ஐ.டி.ஐ. முடித்து காண்ட்ராக்டில் வேலைக்குப் போன வருஷம், ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தான். தாத்தாவின் அப்பா பெயரை ஐயர் கேட்டார். அவன் அம்மாவைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை. ரகுபதியின் அண்ணன் கோதண்டத்துக்கே தெரியவில்லை. தன் பிள்ளை யார் வழியில் வந்தவன் என்று சொல்லத் தெரியாதது தங்கமாரிக்கு உறுத்தலாக இருந்தது. அப்படித்தான், முன்னோர் பெயர்களைத் தேடித் தொகுக்கும் குடிவழி மன்றத்துக்குப் போனாள்.

மணிமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றம் கூடும். செயலாளர் ஷாலின் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேடித் தன் குடும்பத்தை ஐந்து தலைமுறை வரை கண்டுபிடித்தவள். வந்தவர்களுக்குச் சார்ட்டில் கிளை பிரித்து எழுதச் சொல்லிக்கொடுப்பாள். கல்லறைத் தோட்டத்துக்கும், உபயம் செய்தவர்களின் பெயர் வெட்டிய கோயில்களுக்கும் கூட்டிப்போவாள். வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிச் சுவர் முழுக்கச் சார்ட்டுகளை மாட்டிக் கண்காட்சி நடத்துவார்கள். பெயரோடு, ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதும்படி அந்த வருஷம் சொன்னாள்.

தங்கமாரி விடுமுறை நாட்களில் பங்காளி வீடுகளாக ஏறி இறங்கினாள். ஆண்கள் பெயர்களைச் சொன்னார்கள். சாவைச் சொன்னது பெண்கள்தான். ரகுபதியின் அப்பா பம்ப்செட் அருகில் விழுந்து கிடந்தார், ஏதோ தீண்டியிருக்கும் என்றார்கள். அவருடைய தம்பி சாமி தூக்கும்போது சரிந்தார். தீட்டோடு தோள் கொடுத்ததற்குத் தண்டனை என்றார்கள். அத்தை ஒருத்தி பிரசவ வலியிலேயே போய்விட்டாள். சித்தப்பா மகன் ஏரியில் நீந்தும்போது மூழ்கினான், குடித்திருந்தான் என்றார்கள். அவன் குடிப்பதே இல்லை என்று அவன் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. எந்த வீடும் அடுத்த வீட்டுக் காரணத்தோடு தன்னுடையதைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் அவள் எழுந்து சொன்னபோது ஷாலின் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இது ரத்தவழியா வர்ற இதய நோயா இருக்கலாம். உங்க பையனுக்கு உடனே எக்கோ எடுத்துப் பாருங்க. பெரியப்பா வூட்ல கீறவங்களும் எடுக்கணும்."

சென்னை அரசு ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். சிவசங்கரின் இதயச் சுவர் தடித்திருந்தது. ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். அதை அவன் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான். எளிதான வேலை தருவார்கள் என்று நினைத்திருந்தான். அந்த வாரமே காண்ட்ராக்டர் அவனை நிறுத்திவிட்டார். வேறு இடங்களில் கேட்டபோதும் உடல்தகுதிச் சான்று கேட்டார்கள்.

"தெரியாமலே இருந்திருந்தா வேலைக்குப் போய்கினு இருந்திருப்பேன்," என்றான் அம்மாவிடம்.

"உங்கப்பாவும் தெரியாமத்தான்டா போனாரு," என்றாள் அவள்.

அதன் பிறகு வெகுநாள் அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான். மாத்திரையைக் கையில் கொடுத்தால் விழுங்கினான்.

கோதண்டத்தின் வீட்டில் மகள் பூஜாவுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வடக்குப்பட்டு. பூஜாவின் தம்பி பகலவன் ஒரு கிடங்கில் பொருட்களை அடுக்கும் வேலையில் இருந்தான். தங்கமாரி அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிய கோதண்டம், கண்காட்சி நெருங்கியபோது அவள் வீட்டுக்கே வந்தார்.

"சாவுங்களை எல்லாம் எழுதி மாட்டப் போறியாமே. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பாத்தாங்கன்னா என் பொண்ணு கதி இன்னா?"

"மாட்டலைன்னாலும் இருக்கது இருக்கத்தான மாமா செய்யும்?"

"எனுக்கு அம்பத்தாறு வயசு ஆவுது. குண்டுக்கல்லு மாதிரி கீறேன். எனுக்கு இல்லாதது என் புள்ளைங்களுக்கு எங்கேர்ந்து வரும்?"

வெளியில் தெரியாமலே சிலருக்கு இருக்கும், பிள்ளைகளுக்கும் போகும் என்று ஷாலின் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் குரல் இறங்கி, கல்யாணம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். அப்படிக் கெஞ்சி அவரை அவள் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்ததும் பகலவனையும் பூஜாவையும் எக்கோ எடுக்க அனுப்ப வேண்டும் என்றாள். அனுப்புகிறேன் என்றார்.

ஷாலினுக்கு அதில் சம்மதமில்லை. ஆனாலும் குடும்பம் மறுப்பதை மன்றம் மாட்ட முடியாது என்று கமிட்டி முடிவு செய்தது. சுவரில் தங்கமாரியின் சார்ட் பெயர்களோடு மட்டும் தொங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பெரிய குடும்பம் என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று கோதண்டம் தள்ளிக்கொண்டே போனார். பகலவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். தங்கமாரி பகலவனிடமே நேராகப் போய்ச் சொன்னாள். அவன் சிரித்தான். வர்ற வாரம் நைட் ஷிப்ட் முடிந்ததும் கட்டாயம் போகிறேன் சித்தி என்றான்.

அந்த வாரம் வரவே இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் கிளம்பிவிட்டதென்று பின்னால் ஓடியவன், பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டக் கையை நீட்டியபடியே விழுந்தான். டிரைவர் கண்ணாடியில் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

சாவுக்கு வந்தவர்கள் எப்படி ஆயிற்று என்று கேட்டபோதெல்லாம் கோதண்டம் ஒரே பதிலைச் சொன்னார்.

"ராத்திரி சாப்புடல. வெயில் வேற. மயக்கம் வந்து வுழுந்துட்டான்."

ஒவ்வொரு முறையும் அவர் கண் தங்கமாரியைத் தேடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற சிவசங்கர் பகலவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும், யாரும் கொடுக்காமல் அவனே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து பூஜா தனியாக வந்தாள். முழுகாமல் இருந்தாள்.

"தம்பிக்கு வெயிலு இல்ல சித்தி. எனுக்குத் தெரியும். என்னையும் இட்டுகினு போங்க."

"உன் வீட்டுக்காரர்ட்ட சொன்னியா?"

"பாத்துட்டு சொல்லிக்கலாம்."

பூஜாவுக்கும் இருந்தது. சிவசங்கர் அளவுக்கு இல்லாவிட்டாலும் இருந்தது. பிரசவத்தைச் சென்னையில்தான் பார்க்க வேண்டும், குழந்தையையும் பிறகு கவனித்துவர வேண்டும் என்றார் டாக்டர். குழந்தைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். பூஜா அழவில்லை. அன்றே புருஷனிடம் சொன்னாள். அவன் அம்மா, தெரிந்தே தலையில் கட்டிவிட்டார்கள் என்று தெருவில் நின்று கத்தினாள். பூஜா அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் போனில் பேசினான், கூப்பிடத்தான் வரவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கோதண்டமும் கூடவே பஸ் ஏறினார். அவர் பெயருக்கும் பூஜா ஓ.பி. சீட்டு போட்டாள். எக்கோ அறைக்குள் அவரைத் தனியாகத்தான் அனுப்பினார்கள். வெகுநேரம் கழித்து சட்டைப் பொத்தானைப் போடாமலே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனுக்கும் கீதாம்," என்றார். "ரொம்பக் கொஞ்சமாம். இத்தினி வருஷமா அது பாட்டுக்கு இருந்துகினு கீதாம்."

எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப என்னாண்டேர்ந்துதான் போச்சா அவனுக்கு?"

பூஜா அப்பாவின் முன்னால் மெல்லக் குனிந்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.