பொன்னுக்கு வீங்கி வந்த அன்று பதிவான பாட்டு

அந்தக் காலத்தில் ஆங்கிலேயப் புறநகரான கிங்ஸ்டனில், அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டான ப்ளூஸைப் பாடாத பையன்களே கிடையாது. பருத்திக் காட்டையும் சிறைச்சாலையையும் பற்றித் தொண்டை கிழியப் பாடுவார்கள். பாடி முடித்ததும் அம்மா செய்துவைத்த புட்டிங் ஆறுவதற்குள் வீட்டுக்கு ஓடுவார்கள். 'சேற்று நாய்கள்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஐந்து பேரும் அப்படித்தான். சேற்றில் கால் வைத்தால் அவர்கள் வீட்டில் திட்டு விழும்.

டட்லி ஃப்ரெய்ன் அந்தக் குழுவில் இரண்டாவது கிட்டார். முதல் கிட்டார் ரோலண்ட் பீக். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றாலே பெண்கள் கை தட்டுவார்கள்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு வசந்தத்தில், பியானோ கடைக்காரர் லட்லோவின் பின்னறையில் நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்ய ஏற்பாடாயிற்று. அன்று பார்த்து ரோலண்டுக்குப் பொன்னுக்கு வீங்கி. முகம் பன் மாதிரி உப்பிக் கிடந்தான். தள்ளிப்போடலாம் என்றார்கள் பையன்கள். மேனேஜர் ஸ்டோகோ ஒப்பவில்லை. அன்றைக்கு விட்டால் ஈஸ்டர் முடியும்வரை அந்த அறையைத் தேவாலயப் பாடகர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் டட்லி முதல் கிட்டார் ஆனான்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவனுக்கு இடம் தவறிவிட்டது. விரல் தவறான தந்தியில் போய் உட்கார்ந்தது. டிரம்ஸ்காரன் நிறுத்தவில்லை. டட்லி ஒரே சுரத்தை அழுத்தி இழுத்துக்கொண்டே, மேலும் கீழும் தடவித் தேடி, வியர்த்து விறுவிறுத்து, ஒருவழியாக வந்து சேர்ந்தான். இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்று கெஞ்சினான்.

"இது போதும் தம்பி. வெளிய பாதிரியார் மனைவி பன்னெண்டு பொம்பளைங்களோட காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் லட்லோ.

அந்த நாடாவை எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. கொஞ்ச நாளில் ஸ்டோகோ டட்லியை அனுப்பிவிட்டார். காரணம் அவன் மூக்குக் கண்ணாடி. கண்ணாடி போட்டவன் கஷ்டப்பட்டான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்களாம். டட்லி அழுதான். பிறகு படித்து பூகோள வாத்தியார் ஆனான், மோரீனைக் கல்யாணம் செய்துகொண்டான்.

குழுவோ புகழின் உச்சிக்குப் போயிற்று. ஐந்து வருஷம் கழித்து ஸ்டோகோ பழைய நாடாவைத் தூசு தட்டி எடுத்து, அட்டையில் ரோலண்டின் படத்தைப் போட்டு இசைத்தட்டாக வெளியிட்டார். மூன்றாவது பாட்டைக் கேட்ட விமர்சகர்கள் உருகிப் போனார்கள். "வழி தவறிய ஓர் ஆன்மா இருட்டில் வீட்டைத் தேடுகிறது" என்று எழுதினார் ஒருவர். ஆளைத்தான் மாற்றிவிட்டாரே தவிர, நடந்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று டட்லிக்குத் தோன்றியது. ஆசிரியர்கள் அறையில் அது தான்தான் என்று சொல்லிப் பார்த்தான். ராத்திரி நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கணக்கு வாத்தியார் அன்பாக விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோலண்டே வந்து நின்றான். ஊதா வெல்வெட் கோட்டு, தோளைத் தொடும் முடி. திரைச்சீலை விற்க வந்தவன் என்று நினைத்து மோரீன் கதவைச் சாத்தப் பார்த்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் ரோலண்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த நடுவுல வர்ற இடம், அதை எப்படிடா வாசிச்ச?"

"தெரியாம வாசிச்சேன்."

"விளையாடாத. அமெரிக்காவுல போற ஊரெல்லாம் அதைத்தான் கேக்கறாங்க."

"தொலைஞ்சு போயிட்டேன்டா. எங்க இருக்கேன்னே தெரியல."

"சரி, எப்படித் தொலையறதுன்னு சொல்லிக்குடு."

மாலைவரை முயன்றார்கள். ரோலண்டின் விரல்களுக்குப் பழக்கம் அதிகம். ஒவ்வொரு சுரமும் சொந்த வீட்டுக்கு வருவதுபோல் வந்து இறங்கியது. டட்லி வாசித்துக் காட்டினான், அவனுக்கும் வரவில்லை. கிட்டாரைக் கீழே வைத்தபோதுதான் இத்தனை வருஷக் கோபம் வெளியே வந்தது. "அது நான் வாசிச்சதுன்னு உனக்குத் தெரியும்ல?"

ரோலண்ட் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்ட உடனே தெரிஞ்சுது. யாராவது கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல."

"கேக்காமலே சொல்லு."

சொல்கிறேன் என்றான். சொன்னான் என்பதுதான் அதிசயம். அடுத்த வாரமே வானொலிப் பேட்டியில், அன்று தனக்குப் பொன்னுக்கு வீங்கி என்றும், வாசித்தது டட்லி ஃப்ரெய்ன் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டான். இப்படி ஒரு பணிவைத் தான் கண்டதில்லை என்றார் பேட்டி எடுத்தவர். 'டட்லி' என்பது புகழுக்கு முன் ரோலண்டுக்குள் வாழ்ந்து மடிந்த அப்பாவி இளைஞனுக்கு அவன் சூட்டிய பெயர் என்று பத்திரிகைகள் விளக்கின. பொன்னுக்கு வீங்கி என்பது தலைக்கனத்துக்கு உருவகமாம். இசைத்தட்டு முன்னைவிட அதிகமாக விற்றது. 'டட்லி சாகவில்லை' என்று பேட்ஜ் அடித்து விற்றார் ஸ்டோகோ. டட்லியின் வகுப்பிலேயே நான்கு பேர் அதைக் குத்திக்கொண்டு உட்கார்ந்து, நதிகள் பாடத்தில் கொட்டாவி விட்டார்கள்.

ரோலண்ட் மறுபடி வந்தான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

"வேணாம்டா. இன்னொரு தடவை சொன்னா எனக்குச் சிலையே வெச்சிடுவானுங்க" என்றான் டட்லி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. ரோலண்டும் சிரித்தான். பிறகு உள்ளூரில் இருக்கும் ஞாயிறுகளில் எல்லாம் அவன் அங்கே வரத் தொடங்கினான். இருவரும் கேட்க ஆளில்லாமல் கண்டபடி வாசித்தார்கள். ஐந்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்று மட்டும் மோரீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.