மூன்று விரல்

சமத்துவத்துக்கு இருபத்துநாலு மதிப்பெண். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அதற்கென்று தனித் தாளே அடித்து வைத்திருந்தார்கள். படங்களில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்களா, பெயர்கள் பலவகையாக வருகின்றனவா என்று எட்டுக் கேள்வி, கேள்விக்கு மூன்று மதிப்பெண். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான கணக்குப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் டெல்ஃபினா ஒரோஸ்கோ ஒருத்திதான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் பாடம் எடுப்பவள். அந்தப் பக்கம் என்றால் பீச் பழம் பெட்டியில் அடுக்கும் கொட்டகைகளும், அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளும்.

கடைசிச் சுற்றில் மிஞ்சியது இரண்டு புத்தகம். ஒன்று நீல அட்டை, மற்றது பச்சை. நீலம் பார்க்க லட்சணமாக இருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, முக்காடு போட்ட ஒரு பெண் என்று பக்கத்துக்குப் பக்கம் உலகமே சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் கேள்வி என்னவென்று கண்டுபிடிப்பதற்குள் அரைப்பக்க ஆங்கிலத்தை நீந்திக் கடக்க வேண்டும். முன்பு ஜான் வாங்கிய ஆப்பிளை இப்போது சியோமாரா வாங்குகிறாள், அவ்வளவுதான் மாற்றம். தாளுக்கு அது போதுமே. நீலத்துக்கு இருபத்துமூன்று விழுந்தது. பச்சையில் படம் குறைவு என்பதால் பதினாறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று அந்தத் தாளின் எட்டுக் கேள்வியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

டெல்ஃபினா இரண்டையும் வகுப்பில் ஆறாறு வாரம் நடத்திப் பார்த்தவள். அவள் வகுப்பில் யாரெட்ஸி என்றொரு பெண். வீட்டில் மிஷ்டெக் என்ற பழங்குடி மொழி, தெருவில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம். ஒன்றரை வருஷமாக எந்த வகுப்பிலும் வாயே திறக்காதவள். பச்சைப் புத்தகத்தில் முதலில் பக்கத்துப் பிள்ளையோடு தெரிந்த மொழியில் பேச வேண்டும், பிறகு வரைய வேண்டும், கடைசியில்தான் எழுத வேண்டும். நாலாவது வாரம் யாரெட்ஸி தானாக எழுந்து பலகைக்குப் போனாள். மூன்று பெட்டிக்கு ஐந்து பேர் என்றால் பன்னிரண்டு பெட்டிக்கு எத்தனை பேர் என்று பாதி ஸ்பானிஷிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கிவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நீலப் புத்தகம் வந்த ஆறு வாரமும் மறுபடி ஊமையானாள்.

அவள் அம்மா எவுஃபேமியா பெற்றோர் கூட்டத்துக்குக் கொட்டகை ஏப்ரனோடு வந்தாள். எந்தப் புத்தகம் வரும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. ஒரு தடவை எடுத்தால் எட்டு வருஷத்துக்கு மாற்ற மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"பச்சைதான் வரணும். நான் குழுவுல இருக்கேன்ல," என்றாள் டெல்ஃபினா.

"அப்ப எனக்கென்ன கவலை டீச்சர்."

அந்த நம்பிக்கை டெல்ஃபினாவுக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

பொதுமக்களும் பார்க்கட்டும் என்று இரண்டு புத்தகத்தையும் முப்பது நாள் அலுவலக வாசலில் மேசை போட்டு வைத்தார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை. கொட்டகையில் வேலை முடிவது நாலரைக்கு. கருத்து எழுதும் தாளோ ஆங்கிலத்தில். முப்பது நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தார்கள், ஒரு தாளும் இல்லை. 'மக்களிடமிருந்து ஆட்சேபணை இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் யார் வந்து ஆட்சேபிப்பது?

கடைசிக் கூட்டம். அந்த ஊர் ஆசிரியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாக்கெடுப்பு என்று சொன்னால் மனஸ்தாபம் வருமாம், அதனால் விரல் காட்டுவார்கள். ஐந்து விரல் என்றால் முழு சம்மதம். மூன்று என்றால் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துப்போகிறேன். மூன்றுக்குக் கீழே காட்டினால் எழுந்து காரணம் சொல்ல வேண்டும், பேச்சு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

டெல்ஃபினா ஏற்கெனவே இரண்டு கூட்டத்தில் எழுந்து காரணம் சொன்னவள். இரண்டாவது தடவையே பக்கத்து நாற்காலி ஹால்வர்சன் பெருமூச்சு விட்டார். இப்போது மணி ஐந்தாகப் போகிறது, சிலர் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்கள். பாடத்திட்ட இயக்குநர் லோர்னா விட்கோம் நல்ல மாதிரி, சிரித்த முகம்.

"மனசுல குறை இருந்தா குறிப்புல எழுதிக்கிறேன் டெல்ஃபினா, அது எங்கேயும் போயிடாது," என்றாள். "நீலத்துக்கு விரல் காட்டுங்க."

கைகள் உயர்ந்தன. நாலு, ஐந்து, ஐந்து, நாலு. எப்போதும் இவளுக்குத்தான் பிரச்சினை என்று அவர்கள் நினைப்பது டெல்ஃபினாவின் கழுத்தில் சூடாக ஏறியது. மூன்று விரலை உயர்த்தினாள். லோர்னா நன்றி சொன்னாள். இரண்டு நிமிஷத்தில் அறை காலி.

 அடுத்த வாரம், புத்தகத்துக்கு இறுதி ஒப்புதல் தரும் கல்வி வாரியத்தின் கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்துக்கு டெல்ஃபினா பெயர் கொடுத்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் கொடுத்தாள். எவுஃபேமியா கடைசி வரிசையில், மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு இரண்டு நிமிஷம். டெல்ஃபினா யாரெட்ஸி பலகைக்குப் போன கதையைச் சொன்னாள். வாரியத் தலைவர் கனிவாகக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இதுல குழுவோட ஒருமித்த முடிவுன்னு போட்டிருக்கே. நீங்களும் குழுவுல இருந்தீங்கதானே?"

"இருந்தேன். என் குறையைக் குறிப்புல எழுதியிருக்காங்க."

அந்தக் குறிப்பு வாரியத்துக்கு வரவில்லை. ஒருமித்த முடிவு என்றால் குறிப்பு எதற்கு என்று யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். தலைவர் லோர்னாவைப் பார்த்தார். லோர்னாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"டெல்ஃபினா மூணு காட்டினாங்க. யாருமே மூணுக்குக் கீழ காட்டல."

வாரியத்தின் வாக்கெடுப்பில் ஐந்துக்குப் பூஜ்ஜியம் என்று நீலம் வந்தது.

வாசலில் எவுஃபேமியா காத்திருந்தாள். திட்டினால்கூட டெல்ஃபினா தாங்கியிருப்பாள். அவள் திட்டவில்லை. "மூணுன்னா என்ன டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். டெல்ஃபினா சொன்னாள். எவுஃபேமியா தலையாட்டிக்கொண்டாள். "எங்க கொட்டகையிலயும் அப்படித்தான், மேஸ்திரி கேட்டா சரின்னுதான் சொல்லுவோம்," என்று சொல்லிவிட்டு, காலை ஆறு மணிக்கு வேலை என்று கிளம்பினாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. யாரெட்ஸி ஏழாம் வகுப்பு, டெல்ஃபினாவிடமே வந்தாள். நீலப் புத்தகம் புது வாசனையோடு மேசைக்கு மேசை கிடந்தது. டெல்ஃபினா முதல் பாடத்தை மூன்று தடவை விளக்கினாள், படம் வரைந்தாள், ஸ்பானிஷில் சொன்னாள். வாரா வாரம் தேர்வு, நின்று நிதானிக்க நேரமில்லை. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பழக்க தோஷம், எல்லா வகுப்பிலும் கேட்பதுபோல் கேட்டுவிட்டாள்.

"எவ்வளவு புரிஞ்சுது? விரலைக் காட்டுங்க."

கைகள் உயர்ந்தன. நாலு, ஐந்து, நாலு. யாரெட்ஸி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். அவள் முன்னாலிருந்த தாளில் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. வகுப்பிலும் அதே வழக்கம்தான்; மூன்றுக்குக் கீழே காட்டினால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

மெதுவாக மூன்று விரலை உயர்த்தினாள்.

டெல்ஃபினா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாள்.