சேமம் என்று எழுதிய கடிதம்

1997இல் நான் மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. அடையாள அட்டையில் அந்த விலாசம் இருந்ததால் மாதம் ஒருமுறை பொலிஸ் நிலையத்தில் போய்ப் பதிந்துவிட்டு வரவேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எனக்கு ஒற்றை அறைக் காம்பரா ஒன்று கொடுத்திருந்தார்கள். அடுத்த காம்பராவில் மீனம்மாக்கா இருந்தார். கொழுந்து எடுப்பவர்; புருஷன் இல்லை. ஒரே மகன் லோகேஸ்வரனுக்கு இருபத்திரண்டு வயது. நான் வருவதற்கு முன்பே கொழும்பில் இரும்புக்கடை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான்.

மீனம்மாக்காவுக்கு எழுதத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதத்தாளோடு என் வாசலுக்கு வருவார். முதல் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது இடையில் நிறுத்தினார்.

"சொகம்னு எழுதாம சேமம்னு எழுதியிருக்கீங்களே. அது என்னாங்க டீச்சர்?"

என் அப்பா அப்படித்தான் எழுதுவார். 'இவ்விடம் யாவரும் சேமம். அவ்விடத்துச் சேமத்துக்கு மறுகடிதம் எழுதவும்.' அதைப் பார்த்து வளர்ந்த கை எனக்கு.

"அது பழைய சொல்லு அக்கா. சுகம் எண்டால் உடம்புக்கு வருத்தம் இல்லை எண்டது மட்டும்தான். சேமம் எண்டால் ஆள், வீடு, வாசல் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கு எண்டு அர்த்தம்."

"சம்பளத்துல புடிச்சு சேமலாப நிதின்னு சீட்டு குடுப்பாங்களே, அந்த சேமமா?"

"ஓம், அதேதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "கூரை ஒழுகுது, ஆட்டுக்கு காலு நொண்டி. இருந்தாலும் அதையே எழுதுங்க. அவன் சந்தோசப்படட்டும்."

பிறகு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் அதையே எழுதினேன். அவருக்கும் அது பிடித்துப்போனது. வேலைக்குப் போகும்போது என் வாசலைக் கடந்தால், "சேமந்தானுங்களா டீச்சர்?" என்று கேட்பார்.

அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்த மறுவாரம், வீதிச் சோதனையில் லோகேஸ்வரனைப் பிடித்தார்கள். அவனுடைய சட்டைப்பையில் நான் எழுதிய கடிதம் இருந்தது. அதிலிருந்த விலாசத்தைப் பார்த்து அதை எங்கள் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பினார்கள்; மூன்றாம் நாள் மீனம்மாக்காவை அங்கே வரச்சொல்லி ஆள் வந்தது.

"எனக்கு சிங்களம் சரியா வராது. கூட வாங்க டீச்சர்" என்றார். போனேன்.

மேசையில் என் கையெழுத்து விரிந்து கிடந்தது. வரிகளுக்கிடையில் யாரோ சிவப்பு மையால் சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். சேமம் வந்த இரண்டு இடத்திலும் வட்டம் போட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னைத்தான் முதலில் கேட்டார். ஆசிரியை அல்லவா, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? சுகம் என்றேன். அப்படியானால் சுகம் என்றே எழுதியிருக்கலாமே என்றார். சேமம் என்றால் பத்திரமாகப் பதுக்கி வைத்திருப்பது என்று இதை மொழிபெயர்த்த எங்கள் ஆள் சொல்கிறான். 'இங்கே எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அங்கே பத்திரமாக இருப்பதைப் பற்றி எழுது.' எதைப் பற்றி இது என்று கேட்டார்.

காத்து வைத்தல் என்ற அர்த்தமும் அந்தச் சொல்லுக்கு உண்டு. அதைச் சொல்லவில்லை. கடிதங்களில் எழுதும் பழைய வழக்கம் என்று மட்டும் சொன்னேன்.

"எந்த ஊர் வழக்கம்?"

அடையாள அட்டையைக் கேட்டார். புரட்டிப் பார்த்துவிட்டு அதைக் கடிதத்தின்மேல் வைத்தார்.

"கவுத மேக்க லிவ்வே?"

யார் இதை எழுதியது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மீனம்மாக்கா பேசினார்.

"பஸ் ஸ்டேண்டுல ஒரு பெரியவர்கிட்ட சொல்லி எழுதுனேங்க ஐயா. யாரு எவருன்னு தெரியாது."

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான்தான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் தட்டாமல், திருத்தமாகச் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் மீனம்மாக்காதான் என்னைத் தேற்றினார். "நீங்க பொம்பளப் புள்ள. யாழ்ப்பாணம் வேற. உள்ள போனா வெளிய வரமாட்டீங்க. அவன் ஆம்பள, கள்ளங்கபடம் இல்லாதவன். ரெண்டு நாள்ல விட்டுருவாங்க."

"ஓம்" என்றேன்.

அவர்கள் அவனை விடவில்லை. எழுதியவனைக் கண்டுபிடிக்கும்வரை விசாரணை முடியாது என்றார்கள். பஸ் நிலையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைத்த இராமையா என்ற கிழவரைக் கொண்டுபோய், பக்கம் பக்கமாக எழுதவைத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. கூட வந்து மொழிபெயர்த்த ஆசிரியையை யாரும் எழுதிக் காட்டச் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் நான் தனியே நிலையத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகியிருந்தார். கடிதத்தை எழுதியவர் வந்து ஒப்புக்கொண்டால் பையனை விடுவார்களா என்று புதியவரிடம் கேட்டேன். பைல் கொழும்புக்கே திரும்பிப் போய்விட்டது, அவனை விடுவது அவர்கள் பாடு. வருகிற ஆளை முதலில் உள்ளே போடுவது என் வேலை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன், உங்களுக்கு யாரென்று தெரியுமா?" என்று கேட்டார்.

பதிய வந்தேன் என்றேன். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மீனம்மாக்கா மூன்று மாதத்துக்கொருமுறை ரயிலேறிச் சிறைக்குப் போய்வந்தார். கடிதம் எழுதித் தரவா என்று ஒருமுறை கேட்டேன்.

"வேணாங்க டீச்சர். நேராவே போய் பாத்துக்குறேன்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வாசலைக் கடக்கும்போது மட்டும் அவர் முன்போல் கேட்பதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

2001இல் வழக்குத் தள்ளுபடியாகி லோகேஸ்வரன் வந்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாது. லயத்துச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருப்பான். மீனம்மாக்கா ரொட்டியைப் பிய்த்து ஊட்டிவிடுவார். அந்த ஒரு வாரம்தான் அவர் முகத்தில் பழைய சிரிப்பைக் கண்டேன்.

எட்டாம் நாள் நான் அவனிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"அந்தக் கடிதம் நான் எழுதினது, தம்பி."

மடங்காத விரல்களைப் பார்த்தான்.

"நாலு வருசம் அத ஒண்ணத்தான் கேட்டாங்க. எனக்கு தெரியல. பாக்க வந்த அம்மாகிட்ட கேட்டேன், யாரோ பஸ் ஸ்டேண்டு பெரியவருன்னாங்க. தெரிஞ்சிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன் டீச்சர். அடிச்ச அடி அப்பிடி."

"ஓம்."

"அப்ப அம்மாவுக்கு தெரிஞ்சேதான் இருந்திருக்கு?"

உள்ளே மாவு பிசையும் சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அன்றோடு அவன் தாயிடம் பேசுவதை நிறுத்தினான். ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாதம் முடிவதற்குள் பொல்பிட்டியவில் ஒரு கடையில் காவல் வேலை என்று போய்விட்டான். மீனம்மாக்கா இரண்டுதரம் தேடிப்போனார். இரண்டுதரமும் அவன் வெளியே வரவில்லை. இரண்டாந்தரம் வந்தவர், பஸ்ஸை விட்டிறங்கி நேரே என் காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"ஏன் டீச்சர் சொன்னீங்க? நாலு வருசமா நான் யார்கிட்டயும் சொல்லலியே."

"எனக்குத் தாங்க ஏலாமல் போச்சு அக்கா."

"எனக்கு தாங்குச்சே" என்றார்.

2003இல் எனக்கு இடமாற்றம் வந்தது. சாமான்களை லொறியில் ஏற்றிவிட்டு, சொல்லிக்கொண்டு போக மலைக்கு ஏறினேன். மீனம்மாக்கா தேயிலை நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். கீழே நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். கை நிற்கவில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்தார்.