ஒரு செல்லுக்கு ஒரு முடி

அன்று அறையில் நாங்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டிய மேசையில் பேராசிரியை. அவருக்கு எதிரே மாமா; மூன்று வருடங்களுக்கு முன் இறந்துபோன எங்கள் அக்காவின் கணவர். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் நான். கதவோரம் முக்காலியில், ஆய்வகத்துப் பழ ஈக்களுக்குச் சோளமாவும் ஈஸ்ட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சும் சமையல்காரர். அவரை யாரும் அழைக்கவில்லை. தினமும் அக்காவிடம் உரிமையோடு வம்பு வளர்த்த மனிதர் என்பதால் போகச் சொல்லவும் மனம் வரவில்லை.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைக் கட்டியவர் எல்லோருக்கும் மாமா.

விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பழ ஈயின் செல்லுக்குள் மெல்லிய இழைகளால் ஆன சட்டகம் ஒன்று உண்டு. எங்கே நீள வேண்டும், எங்கே மடங்க வேண்டும் என்று அதற்குச் சேதி சொல்லும் நொதிகளில் ஒன்றைத்தான் அக்கா ஆராய்ந்தார். இறக்கையில் ஒரு செல்லுக்கு ஒரு முடிதான் முளைக்கும். அந்த நொதி இல்லாத ஈக்களில் இரண்டு மூன்றாகக் கோணலாக முளைப்பதைக் கண்டு, காரணம் அந்த நொதி இல்லாததே என்று கட்டுரை எழுதினார். அதே ஈக்களுக்கு நொதியின் மரபணுவைத் திரும்பக் கொடுத்து, முடி சரியாகிறதா என்று பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்குள் அக்கா நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைச்சல். செய்தாலும் அதேதான் வரும் என்று எல்லோருமாக விட்டுவிட்டோம். இந்த வருடம் நான் செய்தேன். முடி கோணலாகவே இருந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு மரபணுவும் பழுதாகியிருந்தது. அதுதான் காரணம்.

பேருந்துப் பணிமனையில் வேலை பார்ப்பவர் மாமா. பொறுமையாகக் கேட்டார். நுண்ணோக்கியிலும் பார்த்தார்.

“அப்போ அவ பொய் சொன்னாளா?”

“இல்ல மாமா. பார்த்ததத்தான் எழுதினாங்க. காரணம்தான் வேற.”

கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்கு, இறந்தவர் சார்பில் மாமா ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். மகள் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் பெயரைக் கணினியில் தேடி எல்லோருக்கும் காட்டுகிறாளாம். இனி அந்தக் கட்டுரையின் குறுக்கே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சிவப்பெழுத்து வருமா என்று கேட்டார். வரும் என்றார் பேராசிரியை. அவள் பள்ளிப் படிப்பு முடியும்வரை பொறுக்கக் கூடாதா என்றார் மாமா. அதை நம்பி வேறு இரண்டு ஆய்வகங்களில் பிள்ளைகள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்றார் பேராசிரியை.

“கஞ்சி தண்ணியா இருந்தா சட்டியோட திருப்பி அனுப்பும் அந்தம்மா” என்றார் சமையல்காரர், யாரையும் பாராமல்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு கடிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்தார். அந்தச் சமயத்தில் கட்டுரையின் முதல் ஆசிரியர் நோயுற்றிருந்தார் என்ற வரியில் அவர் விரல் நின்றது.

“இத எடுத்துடுங்க. உடம்பச் சாக்கு சொல்றது அவளுக்கு ஆகாது.”

அக்காவைக் காப்பாற்றத்தான் அந்த வரியை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டு வேறு பிரதி கொண்டுவந்தேன். அக்காவின் பெயருக்கு நேரே மாமா தன் பெயரை எழுதினார். பேனாவை மூடாமலே வைத்துவிட்டார். கட்டுரை வெளியான ஆய்வுப் பத்திரிகையில் அசல் தாளே வேண்டும் என்றிருந்தார்கள். மடித்து உறையிலிட்டு ஒட்டி, தபால் எடுக்க வந்தவரிடம் கொடுத்தேன்.