சிவப்பிக்கு எத்தனை மாதம்?

எங்கள் மிருக வைத்தியசாலை தீவகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. எந்த இடம் என்று எழுதமாட்டேன். மேலதிகாரிகளுக்கும் வாசிக்கிற பழக்கம் உண்டு. நான் அங்கே டொக்டர். சனம் என்னை 'மாட்டு டொக்டர்' என்று சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை. மாட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு என்னிடம் பொய் சொல்வதில்தான் கோபம்.

மாடு பொய் சொல்லாது. நாயும் சொல்லாது. ஆடு கொஞ்சம் நடிக்கும், அவ்வளவுதான். சொந்தக்காரர்தான் வாயைத் திறந்தால் புளுகு. நாலு நாளாகப் பட்டினி கிடந்து எலும்பு தெரிகிற ஆட்டைக் காட்டி, "நேற்றுப் பின்னேரம்தான் சாப்பிடேல்லை" என்பார்கள். சரவணையிலிருந்து வருகிற றோசம்மா அக்கா, தன் நாய்க்குச் சோறும் பருப்பும் தவிர வேறொன்றும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்வார். அதன் தொண்டையிலிருந்து நான் மீன்முள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே செய்வார். இவர்களைத் திருத்துவதற்கென்றே பிறந்தவள் போல நானும் நாலு வருடமாக ஏசிக்கொண்டிருந்தேன், போன சித்திரையில் வல்லிபுரம் ஐயா வரும்வரை.

வல்லிபுரம் ஐயாவுக்குப் புங்குடுதீவு. வயது எழுபத்தாறு. மனைவி இறந்து மூன்று வருடம். ஏழு அறை வீட்டில் தனி ஆள். துணைக்கு ஒரு பசு. பசுவின் பெயர் சிவப்பி. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். மூத்தவள் நிமலினி கனடாவில், மகன்மார் இருவரும் லண்டனில். அன்று அவர் மாட்டைக் கொண்டுவரவில்லை. தனியே வந்து கதிரையில் இருந்தார்.

"டொக்டர் பிள்ளை, ஒரு துண்டு எழுதித் தரவேணும்."

"என்ன துண்டு ஐயா?"

"சிவப்பி அஞ்சு மாசச் சினை எண்டு."

"மாட்டைப் பாக்காமல் என்னண்டு எழுதுறது? உண்மையாச் சினையோ?"

"இல்லை," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நான் பேனையை மூடி வைத்தேன். ஏசத் தொடங்குவதற்கு முன்பே அவர் கதையைச் சொல்லிவிட்டார். மகன்மார் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு பிளட் வாங்கியிருந்தார்கள். நாலாம் மாடி. அப்பா ஊரில் தனியே கிடக்கக்கூடாது, அங்கே போய் இருக்கட்டும், சமைக்க ஓர் ஆளைப் போடலாம் என்பது ஏற்பாடு. "மாட்டை ஆர் பாக்கிறது?" என்று கேட்டுக் கேட்டே ஐயா ஒரு வருடம் தப்பியிருந்தார். இப்போது மகன்மார் அதற்கும் வழி கண்டுவிட்டார்கள். மாட்டை விற்றுவிடுவது. ஆள்கூடப் பேசியாயிற்றாம். சனிக்கிழமை வந்து அவிழ்த்துக்கொண்டு போவானாம்.

"சினைமாடெண்டால் விக்கமாட்டாங்கள் பிள்ளை. எங்கட வீட்டில சினைமாட்டை வெளியில குடுக்கிறேல்லை. அது கண்டு போட்டு, முப்பத்தொராம் நாள் கோயிலுக்குப் பால் குடுத்துப் பொங்கின பிறகுதான் மற்றக் கதை. லண்டனுக்குப் போயும் அந்தப் பயம் மட்டும் அவங்களுக்கு விட்டுப்போகேல்லை."

"அதுக்கு நான் பொய்த்துண்டு எழுதவோ? என்ர வேலை போயிடும் ஐயா."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. வீடியோவில் நிமலினி.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"மாட்டாசுப்பத்திரியில. டொக்டர் பக்கத்திலதான் இருக்கிறா, நீயே கேள்," என்று சொல்லிப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார் மனுசன்.

படுக்கைக்குப் போகிற கோலத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டொக்டர், மாடு சினை எண்டு அப்பா சொல்லுறார். உண்மையோ?"

போனுக்குப் பின்னால் ஐயாவின் முகம் தெரிந்தது. அவர் கெஞ்சவில்லை, கண் காட்டவும் இல்லை. சோதனை முடிவு கேட்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"ஓம்," என்றேன். "அஞ்சு மாசம்."

பொய் சொல்கிறவர்களை ஏசி ஏசிப் பழகிய வாய் அது. ஒரு தடக்கல் இல்லாமல் எவ்வளவு சுகமாகச் சொன்னது! மத்தியானத்துக்குள் துண்டும் எழுதிவிட்டேன். லண்டனுக்கு அனுப்பவேண்டுமாம்.

ஐயா போன பிறகுதான் மூளை வேலை செய்தது. மாடு கன்று போட ஒன்பது மாதமும் பத்து நாளும் செல்லும். சித்திரையில் ஐந்து மாதம் என்றால் ஆவணியில் கன்று நிற்கவேண்டும். இல்லாத கன்றுக்கு அரசாங்கத் தாளில் நாள் குறித்துக் கொடுத்திருந்தேன்.

இதைச் சொல்லி அழ எனக்கு இருந்த ஒரே ஆள் பிரதாபன். எங்கள் ஆசுப்பத்திரியில் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவர். தலையில் கைவைப்பார் என்று பார்த்தால், கதிரை ஆட ஆடச் சிரித்தார்.

"பொய்யை உண்மையாக்கிவிட்டால் போச்சு டொக்டர். அடுத்தமுறை நாம்பனுக்குக் கத்தேக்க சொல்லச் சொல்லுங்கோ, நான் போய் ஊசி போடுறன். மாசம் கொஞ்சம் முன்னப் பின்ன வரும். அதை ஆர் எண்ணப்போகினம்?"

எண்ணுவதற்கு ஓர் ஆள் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் மகன்மார் அந்த வீட்டு முற்றத்தில் கமரா பூட்டியிருந்தார்கள். பூட்டியதோடு அவர்களுடைய கடமை முடிந்தது. நாள் தவறாமல் அதைப் பார்ப்பவள் நிமலினி. கமரா நேரே மாட்டுக்கொட்டிலைப் பார்த்தபடி நின்றது. சினைப்படாத பசு மூன்று கிழமைக்கொருதரம் காளையைத் தேடிக் கத்தும். அஞ்சு மாதச் சினைமாடு அப்படிக் கத்தினால், மாடு வளர்த்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு விஷயம் விளங்கிவிடும். பிறகு சனிக்கிழமைக்காரன் வருவான், ஐயா நாலாம் மாடிக்குப் போவார், நான் விசாரணைக்குப் போவேன்.

சித்திரை முடிய முதலே சிவப்பி கத்தத் தொடங்கினாள். நானும் பிரதாபனும் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினபோது, அந்த வீட்டில் தேவாரம் ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தது. மாட்டின் சத்தம் கனடாவுக்குக் கேட்கக்கூடாது என்று ஐயா ஸ்பீக்கர் பெட்டியை முற்றத்தில் கொண்டுவந்து வைத்து, உச்சத்தில் விட்டிருந்தார். பக்கத்து வீட்டு அருளப்பு மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று கேட்டார்.

சத்தத்துக்குத் தேவாரம், படத்துக்குப் பெட்சீற். கொட்டிலுக்கு முன்னால் கொடி கட்டி இரண்டு பெட்சீற்றைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கத்தால் சிவப்பியின் தலை தெரிந்தது, மறுபக்கத்தால் வால் தெரிந்தது. ஊசிச் சாமான் வைத்திருக்கும் கலனைப் பிரதாபன் பனையோலைக் கடகத்துக்குள் இறக்கி, மேலே வைக்கோலைப் போட்டு மூடி, மாட்டுக்கு வைக்கோல் கொண்டுபோகிறவர் போலக் குனிந்து குனிந்து போனார். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அப்படிக் குனிந்து போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் பெட்சீற்றைக் காற்றுத் தூக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தவள்.

அந்த ஊசி நிற்கவில்லை. வைகாசியில் சிவப்பி திரும்பக் கத்தினாள். திரும்பத் தேவாரம், திரும்பப் பெட்சீற், திரும்ப அருளப்பு. அன்று மழை வேறு. நனைந்த பெட்சீற் என் தலையில் விழுந்தது. அந்த ஊசியும் நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டை வடிவாகச் சோதித்துப் பார்த்தேன். நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, உடம்பில் சத்துத்தான் இல்லை. "காஞ்ச புல்லும் கஞ்சித் தண்ணியும் வைச்சால் என்னண்டு ஐயா சினைப்படும்?" என்று கத்தினேன். தாது உப்புப் பைக்கற் கொடுத்து, நாளுக்கு எவ்வளவு குழை, எவ்வளவு புண்ணாக்கு என்று எழுதியும் கொடுத்தேன். அதற்குப் பிறகு மனுசனைப் பிடிக்க ஏலாது. விடிய எழும்பிப் பூவரசங்குழை வெட்டப் போனார். மத்தியானம் தொட்டியை உரஞ்சிக் கழுவினார். பின்னேரம் சிவப்பியைக் கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். நித்திரைக் குளிசை போட மறந்துபோகிறது என்று என்னிடம் முறையிட்டார். மறந்தும் நித்திரை வருகிறதாம்.

ஆனி பிறக்கிற கையோடு மூன்றாவது ஊசி. இருபத்தோராம் நாள் நான் ஆசுப்பத்திரியில் போனைப் பார்த்தபடியே இருந்தேன். பின்னேரம் ஐயா எடுத்தார்.

"டொக்டர் பிள்ளை, கத்தேல்லை," என்றார். "வாயே திறக்கேல்லை."

அன்று நானும் பிரதாபனும் ஆளுக்கொரு சோடா வாங்கிக் குடித்தோம்.

சந்தோசம் ஆடி முடியும்வரைதான். நல்லூர்த் திருவிழாவுக்கு நிமலினி வருகிறாள் என்று ஐயா வந்து சொன்னார். சிவப்பி கன்று போடும்போது தானும் நிற்கவேண்டுமாம். முப்பத்தோராம் நாள் பொங்கலையும் முடித்து, அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் வெள்ளவத்தையில் விட்டுவிட்டுத்தான் கனடா திரும்புவாளாம். தம்பிமார் அவளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

வந்து இறங்கிய மறுநாளே அவள் ஆள் அனுப்பினாள். டொக்டர் வந்து மாட்டைப் பார்க்கவேண்டும், ஊசி போடுகிறவரும் கூட வரவேண்டும். புங்குடுதீவுப் பாலத்தால் போகும்போது பிரதாபன் ஒரு பகிடிகூட விடவில்லை. வேலை போவதைவிட, அந்த மனுசன் நாலாம் மாடி யன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பதை நினைக்கத்தான் ஏலாமல் இருந்தது.

நிமலினி முற்றத்தில் நின்றாள். நாற்பத்தெட்டு வயதிருக்கும். தகப்பனின் மூக்கு, தகப்பனின் நிற்பு. ஐயா சிவப்பியின் கயிற்றைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது மாதச் சினைக்குரிய வயிறு அங்கே இல்லை என்று கண்ணுள்ள எவருக்கும் தெரியும்.

"சோதிச்சுச் சொல்லுங்கோ டொக்டர்," என்றாள்.

கையுறையைத் தோள்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டேன். இருந்தது. ஒரு சின்னப் பந்தளவில், சொன்ன சொல் தவறாமல் அங்கே இருந்தது.

"எத்தினை மாசம்?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். ஐயா கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்குவதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

"ரண்டரை," என்றேன்.

"நான்தான் பிள்ளை கேட்டனான். டொக்டரில ஒரு பிழையும் இல்லை," என்று ஐயா அவசரமாகத் தொடங்கினார். நிமலினி அவரைக் கையமர்த்தினாள்.

"எனக்குத் தெரியுமப்பா. அந்தக் கமராவில சத்தம் வராது. படம் மட்டும்தான் வரும்."

ஐயா வாயைப் பிளந்தார். நான் அருளப்புவின் காதுகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

"ஒருநாளும் பெட்சீற் தோய்க்காத மனுசன் மழைக்குள்ள பெட்சீற் காயப்போடுறார். அதுக்குப் பின்னால நாலு மாட்டுக்காலும் ஆறு மனிசக்காலும் நிக்குது. இந்த அண்ணை வைக்கோல் கடகத்தோட வாறார், அதே வைக்கோலோட திரும்பிப் போறார். நானும் பிள்ளையளும் கட்டிலில இருந்து பாத்துப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சனாங்கள்." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அதுக்கு முதல் இரண்டு வருசமா நான் பாத்தது வேற படம் டொக்டர். அப்பா அந்தக் கதிரையில இருப்பார். விடிய இருந்தால் பொழுதுபடும்வரைக்கும் அதிலயே இருப்பார். அசையிறாரோ எண்டு நான் போனுக்குக் கிட்டக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாப்பன். இப்ப ஆளைப் படத்துக்குள்ள பிடிக்கவே ஏலாமல் கிடக்கு. குழை வெட்டப் போட்டார், தண்ணி அள்ளப் போட்டார். அம்மா செத்தாப் பிறகு அப்பா ஓடினதை நான் இந்தச் சித்திரைக்குப் பிறகுதான் கண்டனான்."

ஐயா மாட்டின் மறுபக்கம் போய், அதன் கழுத்தைத் தடவத் தொடங்கினார். அழுகிறார் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது. சிவப்பிக்கும் தெரிந்திருக்கும்.

நிமலினி கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். "தம்பிமாருக்கு ஒண்டும் தெரியாது. முதல் சினை அழிஞ்சு போச்சு, திரும்பப் பிடிச்சிருக்கு எண்டு நான் சொல்லுறன். அதுக்கொரு துண்டு தாங்கோ."

எனக்குப் புரியச் சற்று நேரம் எடுத்தது. "பங்குனியில கண்டு போடுமே. சித்திரையில பொங்கலும் முடிஞ்சிடும். பிறகு?"

"பிறகென்ன, திரும்ப ஊசி போடுங்கோ."

"உடன ஏலாது அக்கா," என்றார் பிரதாபன், தொழில் பக்தியோடு. "கண்டு போட்டு இரண்டு மாசமாவது விடவேணும்."

அவள் விரலில் எண்ணினாள். "முப்பத்தொராம் நாள் போக, ஒரு மாசம் இடையில கிடக்கு. அந்த ஒரு மாசத்துக்கு ஏதாவது வருத்தம் எழுதித் தாங்கோ டொக்டர். இப்பவே தந்தால் நான் வைச்சிருப்பன்."

இப்படியொரு குடும்பத்தை நான் கண்டதில்லை. "மாட்டுக்கு எழுதவோ, ஐயாவுக்கு எழுதவோ?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் இன்னமும் திரும்பாமல் சிவப்பியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ரண்டு பேருக்கும் சேத்து எழுதுங்கோ," என்றாள். "இடம் மாத்தினால் தாங்காது எண்டு."

சினை அழிந்ததென்ற துண்டை எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. இரண்டாவதைக் கூசாமல் எழுதினேன். கையொப்பம் வைத்து, அரசாங்க முத்திரையையும் குத்திக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த துண்டுகளில் ஒரு சொல்கூடப் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.