மூன்று முறை திரும்பிய விண்ணப்பம்

அறுபது நாளுக்குள் பதில் வராத விண்ணப்பங்கள் கணினியில் தாமாகவே நீங்கிவிடும். ஜகார்த்தாவில் இணைய இதழ்களுக்கு எட்டிலக்கப் பதிவு எண் கொடுக்கும் அந்தப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை செய்யும் வெனிங், நீங்குவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவாள். வெள்ளிக்கிழமை மதியம் அதில் ஒரு பெயர் அவளை நிறுத்தியது. யொஹானிஸ் நெனோபாய்ஸ், குப்பாங் நகரம். வறண்ட நிலக் கால்நடைகள் பற்றிய ஆய்விதழ்.

மூன்று முறை திருப்பி அனுப்பியவள் அவள்தான். அட்டையில் ஒரு தலைப்பு, இணையதளத்தில் வேறு தலைப்பு என்று முதல் தடவை. வெளியீட்டாளர் முகவரி இல்லையென்று இரண்டாவது தடவை. மூன்றாவது, முதல் இதழின் பக்கமே திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே நான்கு சொற்கள்: திருத்தி மீண்டும் அனுப்பவும், நன்றி. முதல் இரண்டு தடவையும் மறுநாளே திருத்தி அனுப்பியவர், மூன்றாவதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எண் இல்லாத இதழில் வந்த கட்டுரையைப் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அந்த முதல் இதழில் நான்கு இளம் விரிவுரையாளர்கள் எழுதியிருந்தார்கள்.

"வெனிங், வரியா இல்லையா? பாடாங் சாப்பாட்டுக் கடையில ரெண்டாங் கறி தீர்ந்துடும்" என்றான் எதிர் மேசை தோகார்.

"நீ போ. ஒரு ஃபோன் பண்ணிட்டு வரேன்."

"நீயா? ஃபோனா? இன்னிக்கு மழைதான்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தது ஒரு பெண். பின்னால் ஆடுகள் கத்தின.

"யொஹானிஸ் ஐயா இருக்காரா?"

"நீங்க யாரும்மா?"

வெனிங் சொன்னாள்.

"அந்த நம்பர் ஆபீசா? நான் அவரு சம்சாரம், ஓர்ப்பா. அவர அடக்கம் பண்ணி இன்னியோட முப்பத்தாறு நாளு. கிட்னி ரெண்டும் போயிருச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்லகூட அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மடியில வெச்சிக்கிட்டு தட்டிக்கிட்டே இருந்தாரு. 'திறக்கலைன்னு சொல்றாங்க ஓர்ப்பா, எனக்குத் திறக்குதே'ன்னுவாரு. அந்த ஆபீஸ் அம்மா ரொம்பக் கறாரு, ஆனா சரியாத்தான் சொல்லுவாங்கன்னுவாரு."

வெனிங்கின் விரல் தானாகவே அந்த இணைப்பை அழுத்தியது. பக்கம் உடனே திறந்துகொண்டது. மஞ்சள் புல்வெளியில் எலும்பு தெரிய நிற்கும் ஒரு மாடு. அதன் கீழே அவர் பெயர். அன்று எத்தனை முறை அழுத்திப் பார்த்தோம் என்று யோசித்தாள். அந்த வாரம் அலுவலகத்தில் இணையம் விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை அழுத்தியிருக்கலாம். நான்கு நொடி ஆகியிருக்கும்.

"அம்மா," என்றாள். "இப்போ திறக்குது. அன்னிக்கும் திறந்திருக்கலாம். நான் ஒரே ஒரு தடவதான் பார்த்தேன்."

"அப்படியா" என்றாள் ஓர்ப்பா.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஆட்டை விரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவளே கேட்டாள்.

"அந்த நாலு புள்ளைங்களும் ஞாயித்துக்கிழமை கோயில்ல என்னயப் பாத்தா தலையக் குனிஞ்சிட்டுப் போவுதுங்க. நம்பரு வந்துச்சான்னு கேக்க வெக்கம். இப்பக் குடுத்துருவீங்களா?"

"குடுக்கலாம்மா. ஆனா பொறுப்பாசிரியர்னு ஒருத்தர் பேரு வேணும்."

"அவரு பேரு இருக்குல்ல?"

"இருக்கறவங்க பேருதாம்மா போட முடியும்."

"அப்ப என் பேரப் போடுங்க."

"நீங்க... இதழ் தொடர்ந்து வரும்னு உறுதி குடுக்கணும். வருசத்துக்கு ரெண்டு. தொடர்ந்து வர்றதுக்குத்தான் இந்த எண்ணே குடுக்கறோம்."

"எனக்கு ஆடு வளக்கத் தெரியும். அந்தப் புள்ளைங்களுக்கு எழுதத் தெரியும். போடுங்க. வராட்டி அந்தப் பொய் என்னோடது, உங்களோடது இல்ல."

வெனிங் யொஹானிஸின் பெயரை அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாக அது குறைந்து மறைவதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஓர்ப்பா நெனோபாய்ஸ் என்று தட்டினாள். 'தொடர்ந்து வெளிவருமா' என்ற கட்டத்தில் 'ஆம்' போட்டாள். திரையில் எண் வந்தது.

"மெயில்ல அனுப்பறேன்மா."

"மெயில நான் எங்க போய்ப் பாக்கறது? வாயால சொல்லுங்க. கரித்துண்டு இருக்கு, செவத்துல எழுதிக்கறேன்."

வெனிங் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓர்ப்பா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினாள். ஏழு ஆயிற்று.

"கடைசி?"

"எக்ஸ்."

"நம்பரு இல்லையா? தப்புன்னு அடிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. இதுவும் நம்பர்தான். பத்துக்குப் பதிலா அப்படிப் போடுவாங்க. தப்பில்ல."

ஃபோன் வழியே கரித்துண்டு சுவரில் உரசுவது கேட்டது. சாய்வாக, மெதுவாக ஒரு கோடு. அதன்மேல் இன்னொன்று.